நாங்கள் வளர்த்த ஆர்க்கிட்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

எங்கள் வகுப்பறையின் கிழக்குச் சன்னலோரம் ஒரு மண்சட்டி இருக்கிறது. அதன் பக்கமெல்லாம் துளைகள். உள்ளே ஒரு பிடி மண்கூடக் கிடையாது. கரித்துண்டுகள், உடைந்த செங்கல், தேங்காய் மட்டைத் துண்டுகள், இவற்றின் மேல் தடித்த இலைகளோடு ஒரு செடி அமர்ந்திருக்கிறது. சென்ற பெற்றோர் கூட்டத்திற்கு வந்த ஒரு தாயார் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது செடியா, அணைந்துபோன அடுப்பா?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆயினும் அந்த அடுப்புக்குப் பின்னே ஒரு கதை உண்டு. அதில் எங்களுக்குப் பெருமை தருவது கொஞ்சம். வெட்கம் தருவதே அதிகம். ஆண்டு மலருக்கு இதை எழுதித் தரும்படி வகுப்பாசிரியை கேட்டபோது, “பெருமையை மட்டும் எழுதலாமா, மிஸ்?” என்று கேட்டோம். “எழுதலாம், ஆனால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்” என்றார். ஆதலால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம்.

2024 செப்டம்பர் 8, மாதாவின் பிறந்த நாள். அன்று எங்கள் கன்னியர் இல்லத்தின் மூத்த அருட்சகோதரி ஒருவர் துறவற வார்த்தைப்பாட்டின் பொன்விழாவைக் கொண்டாடினார். ஐம்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை ஏற்காட்டில் உயிரியல் ஆசிரியையாகக் கழித்தவர் அவர். கண் நீர் அழுத்த நோயினால் பார்வை போய்விட்டது. இப்போது பட்டாபிராமில் எங்களோடு ஓய்வில் இருக்கிறார். அவரிடம் அந்நாளில் படித்த சிலர் விழாவுக்கு வந்தபோது ஓர் ஆர்க்கிட் செடியைப் பரிசாகக் கொண்டு வந்தனர். பளபளக்கும் பீங்கான் தொட்டி, அதைச் சுற்றி ரிப்பன், வளைந்த ஒரே தண்டில் ஒன்பது வெள்ளைப் பூக்கள்! கல்யாண மேடைகளில் ஊதா நிற ஆர்க்கிட் பூக்களைச் செருகி வைத்திருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். உயிரோடு, வேரோடு, பூத்து நிற்கும் ஆர்க்கிட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

சிஸ்டர் பூவைக் கண்ணால் பார்க்கவில்லை. இரண்டு விரல்களால் மெல்லத் தொட்டார். “ஃபலனாப்சிஸ்” என்று உடனே பெயரைச் சொல்லிவிட்டார். அந்துப்பூச்சி போன்றது என்பது அந்தப் பெயருக்குப் பொருளாம். இறக்கை விரித்த பூச்சியைப் போலத்தான் ஒவ்வொரு பூவும் இருந்தது. அதனை ஆலயத்தில் பீடத்தின் அருகே வைத்தார்கள். மல்லிகையும் சாமந்தியும் ஒரே நாளில் வாடிவிடும் எங்கள் ஆலயத்தில் அந்தப் பூக்கள் செப்டம்பர் கழிந்து, அக்டோபர் ஜெபமாலை மாதம் கழிந்து, நவம்பரில் ஆன்மாக்கள் தினமும் கழிந்த பிறகே ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.

பூவெல்லாம் உதிர்ந்ததும் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு செடியை எறிந்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள் போலும். அது சிஸ்டரின் காதுக்கு எட்டிவிட்டது. “பூ உதிர்ந்தால் செடி செத்துப் போயிற்றா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தாவரவியல் படிக்கிறார்களே, வளர்க்கட்டும்” என்று சொல்லி அனுப்பினார். அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. அப்படித்தான் செடி எங்கள் கைக்கு வந்தது.

நாங்கள் என்றால் ஐந்து பேர். இருவர் பட்டாபிராமிலேயே இருப்பவர்கள். ஒருத்தி ஆவடியிலிருந்தும், ஒருத்தி நெமிலிச்சேரியிலிருந்தும், ஒருத்தி திருநின்றவூரிலிருந்தும் ரயிலில் வருபவர்கள். எங்களுள் இருவர் கத்தோலிக்கர், இருவர் இந்துக்கள், ஒருத்தி முஸ்லிம். ஐந்து பேருக்கும் பொதுவானது ஒன்றுதான். எங்கள் வீடுகள் எதிலும் ஆர்க்கிட் வளர்த்தவர்கள் இல்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்தோம். அவரவர் நாளில் அவரவர் தண்ணீர் ஊற்ற வேண்டும். அட்டவணையை வண்ணப் பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அது போதவில்லை. திங்கட்கிழமைக்காரி மறந்திருப்பாளோ என்று செவ்வாய்க்கிழமைக்காரி காலையிலேயே கொஞ்சம் ஊற்றினாள். மதிய உணவு முடிந்து பாட்டிலில் மீந்த தண்ணீரைத் தரையில் கொட்டுவானேன் என்று இன்னொருத்தி ஊற்றினாள். ரயில் தாமதமாகி முறை தவறிய குற்ற உணர்வில் ஒருத்தி மறுநாள் இரண்டு மடங்கு ஊற்றினாள். அன்பின் மிகுதி! யாருடைய அன்பு மிகுதி என்பதில் எங்களுக்குள் போட்டியே இருந்தது.

அந்தப் பீங்கான் தொட்டிக்கு அடியில் துளை இல்லை. உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கோப்பை, அதற்குள் பஞ்சு போன்ற பாசியை இறுக்கித் திணித்துச் செடியை நட்டிருந்தார்கள். கடையில் அழகாக இருப்பதற்கும் தொலைதூரம் வண்டியில் வருவதற்கும் அந்த ஏற்பாடு சரிதான். நாங்கள் ஊற்றிய தண்ணீரோ எங்கும் போக வழியின்றி அடியில் தேங்கி நின்றது. ரிப்பனைக் கழற்ற எங்களுக்கு மனமில்லை. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

அரையாண்டு விடுமுறை முடிந்து 2025 ஜனவரியில் வந்து பார்த்தால் அடி இலை மஞ்சளாகிக் கிடந்தது. மற்ற இலைகள் சுருங்கி, தளர்ந்து, தோல் பைபோலத் தொங்கின. விடுமுறையில் தண்ணீர் இல்லாமல் வாடிவிட்டது என்று முடிவு செய்தோம். வாடிய செடிக்கு என்ன வேண்டும்? தண்ணீர்தானே! இன்னும் ஊற்றினோம்.

இந்த இடத்தில் தோழியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாகத்தால் வாடும் ஆர்க்கிட்டின் இலையும், தண்ணீரில் மூழ்கி வேர் அழுகிய ஆர்க்கிட்டின் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேர் அழுகிவிட்டால் உறிஞ்ச ஆளில்லை. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் இலைக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. இலையைப் பார்த்து மருந்து கொடுப்பவர் பாதி வேளை நஞ்சைக் கொடுக்கிறார். இதை இன்று எழுதுவது எளிது. அன்று எங்களுக்குத் தெரியாது.

இனி வெட்கத்திற்குரிய பகுதி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலையில் சிஸ்டரின் அறைக்குச் சென்று சிறிது நேரம் பத்திரிகை படித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். போனதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “என் செடி எப்படி இருக்கிறது, பிள்ளைகளே?” என்பதுதான். ஜனவரி முதல் வெள்ளியன்று, “நன்றாக இருக்கிறது, சிஸ்டர்” என்று சொன்னோம். அவரைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அடுத்த வெள்ளி, “புது இலை வருகிறாற்போலத் தெரிகிறது, சிஸ்டர்” என்றோம். அது ஏன் சொன்னோம் என்று இன்றுவரை தெரியவில்லை. முதல் பொய்யை யாரும் நம்பாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இரண்டாவது பொய்யைக் கொஞ்சம் அலங்கரித்துவிட்டோம் போலும். பொங்கல் விடுமுறைக்குப் பின் தொட்டியிலிருந்து ஒரு வாடை வந்தது. சாக்கடையருகே நின்றால் வருமே, அந்த வாடை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆனாலும் போய்ச் சொல்லவில்லை. மாறாக, ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்து அதேபோல ஒரு வெள்ளை ஆர்க்கிட் வாங்கி வைத்துவிடலாம் என்று திட்டமிட்டோம். அவருக்குத்தான் கண் தெரியாதே என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். யார் சொன்னாள் என்பதை எழுதப் போவதில்லை. மற்ற நால்வரும் மறுக்கவில்லை என்பதால் ஐவரும் சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் முழுதும் சேரவில்லை. ஜனவரி கடைசி வெள்ளியன்று சிஸ்டர், “செடியை இங்கே எடுத்து வாருங்கள், புது இலையைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது” என்றார்.

எடுத்துப் போனோம். வேறு என்ன செய்ய முடியும்? மேசைமேல் வைத்துவிட்டு ஐவரும் சுவரோரம் நின்றோம். அவர் ரிப்பனை அவிழ்த்தார். தொட்டியினின்றும் கோப்பையை வெளியே எடுத்தார். அடியில் நின்ற தண்ணீர் அவர் மடியில் சிந்தியது. அவர் முகம் மாறவில்லை. இலைகளைத் தொடவே இல்லை. பாசியைப் பிய்த்துவிட்டு விரலை நேராக வேருக்குக் கொண்டு போனார். ஒரு வேரை இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்தார். மேல்தோல் பழுப்பாய், கூழாய்க் கழன்று அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு நூல் மட்டும் மிஞ்சியது. இன்னொன்று. அதுவும் அப்படியே. பதினான்கு வேர்களையும் எண்ணினார். உறுதியாக இருந்தவை மூன்றே மூன்று. அவற்றிலும் ஒன்று பாதிதான்.

“எத்தனை நாளாகத் தெரியும்?” என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. திருநின்றவூர்க்காரி அழத் தொடங்கிவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். மஞ்சள் இலையை, வாடையை, புதுச்செடிக்கு வைத்திருந்த பணத்தை. அந்தப் பணத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் வருந்தினார் என்று எங்களுக்குத் தோன்றியது. சற்று நேரம் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்குக் கண்தான் இல்லை. வேரை எண்ண விரல் இருக்கிறது. இனி என்னிடம் இலையைப் பற்றிச் சொல்ல வேண்டாம், வேரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றார். திட்டு அவ்வளவுதான். திட்டாமல் விட்டதால் எங்களுக்கு அது இன்னும் உறுத்தியது.

அன்று மாலையே பாடம் தொடங்கியது. “ஆர்க்கிட் எங்கே வளரும்?” என்றார். மண்ணில் என்றோம். இல்லையாம். மண்ணில் வளர்பவையும் உண்டு. ஆனால் நம் செடி போன்றவை காட்டில் மரக்கிளைமேல் ஒட்டி வளர்பவை. “அப்படியானால் ஒட்டுண்ணியா, சிஸ்டர்?” என்று பாடநூலை நினைத்துக் கேட்டோம். “இல்லை. மரத்தில் உட்கார இடம் மட்டும்தான் வாங்குகிறது, சாப்பாடு வாங்குவதில்லை” என்றார். இத்தகையவற்றைத் தொற்றுத் தாவரங்கள் என்பார்கள். ஏற்காட்டில் சேர்வராயன் மலை மரங்களில் அவர் மாணவியரோடு இவற்றைப் பார்த்திருக்கிறாராம். அங்கே இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஒன்றும் உண்டு. அதேபோல் கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபைக் குருக்களின் அருங்காட்சியகத்தோடு சேர்ந்தும் ஓர் ஆர்க்கிட் கூடம் உள்ளது. மலைக்குப் போகாதவர்களுக்கும் ஆர்க்கிட் இல்லாமல் இல்லை. நம் சமவெளியிலேயே மாமரம் போன்ற மரங்களில் வாண்டா என்னும் ஆர்க்கிட் தொற்றி வளரும். ‘வாண்டா’ வடமொழிப் பெயர். அதைத் தாவரவியலுக்குக் கொடுத்தவர் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ்.

“மரக்கிளையில் மழை பெய்கிறது. வேர் முழுதும் நனைகிறது. பிறகு என்ன ஆகும்?” என்று கேட்டார். காற்றடிக்கும், காயும் என்றோம். “அவ்வளவுதான் ஆர்க்கிட் வளர்ப்பு. நனைய வேண்டும், காய வேண்டும். நீங்கள் நனைத்தீர்கள்; காயவிடவில்லை.”

இந்தச் செடியின் வேர் நம் தோட்டத்துச் செடிகளின் வேரைப் போன்றதன்று. அதன்மேல் வெலாமன் என்னும் ஓர் உறை இருக்கிறது. முதிர்ந்தபின் அந்த உறையின் செல்கள் இறந்து வெறும் கூடுகளாகி, கடற்பஞ்சுபோல் ஆகிவிடுகின்றன. மழைத் துளி பட்டதும் சட்டென்று உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருக்கும் உயிருள்ள பகுதிக்குச் சிறிது சிறிதாகக் கொடுப்பது அதன் வேலை. காய்ந்திருக்கும்போது அந்தக் கூடுகளில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். நனைந்ததும் உறை கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரியும், வேர் பச்சையாகிவிடும். ஆம், இந்த வேருக்குப் பச்சையம் உண்டு! வெளிச்சத்தில் இருக்கும் வேர் இலையைப் போலச் சிறிது ஒளிச்சேர்க்கையும் செய்கிறது. ஆகவே தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று செடியே நிறத்தால் சொல்லுகிறது. வெள்ளி என்றால் தாகம்; பச்சை என்றால் போதும்; பழுப்பாய்க் கொழகொழத்தால் கெட்டது. எங்கள் வண்ணப் பென்சில் அட்டவணை எதற்கு!

தண்ணீரில் இருந்தே வேர் ஏன் சாக வேண்டும் என்பது மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. அதை விளக்கியது சிஸ்டர் அல்லர், நெமிலிச்சேரிக்காரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கமெல்லாம் தெருத் தெருவாகத் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அவள் வீட்டுப் பின்புறம் காய்த்துக் குலுங்கிய ஒரு பப்பாளி மரம் இருந்தது. மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் இலையெல்லாம் தொங்கிப் போய், ஒரு வாரத்தில் மரமே சாய்ந்துவிட்டது. “தண்ணீரில் நின்றே செத்தது” என்று அவள் பாட்டி புலம்பினாராம். சிஸ்டர் அதைக் கேட்டு, “அதேதான். வேரும் மூச்சு விடுகிறது. மண்ணிலும் பாசியிலும் இருக்கும் காற்று இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துவிட்டால் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேரைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் வந்து தின்கின்றன. அந்தப் பப்பாளிக்கு மூன்று நாள்; நீங்கள் இதை இரண்டு மாதம் மூழ்கடித்தீர்கள்” என்றார்.

மறுநாள் சனிக்கிழமை சிகிச்சை நடந்தது. பீடத்தில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டை ஏற்றி, கத்தரிக்கோலின் வாயை அதில் காட்டிச் சுட்டோம். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை சுட வேண்டும். இல்லாவிட்டால் அழுகலை நாமே அடுத்த வேருக்குக் கொண்டு போவோம். அழுகியதை எல்லாம் வெட்டினோம். வெட்டிய வாயில் மட்டும் சமையலறையிலிருந்து வாங்கிய இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைத்தோம். பட்டைக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு. ஆனால் ஈரத்தையும் உறிஞ்சிவிடுமாதலால் நல்ல வேரில் படக் கூடாது. ஆவடிக்காரி ஆர்வத்தில் ஒரு நல்ல வேரின் மேலும் தூவிவிட்டாள். ஊதி ஊதித் துடைத்தோம். பிறகு செடியை ஒருநாள் முழுதும் நிழலில் காயப் போட்டோம். தரையிலிருந்து பிடுங்கிய செடியைக் காயப் போடுவதாவது! எங்கள் தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

மண்சட்டிக்குத் துளையிடப் போய் இரண்டு சட்டிகள் உடைந்தன. மூன்றாவதை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, ஆணியை மெல்லத் திருகித் திருகித் துளையிட்டோம். கரி எங்கே கிடைக்கும் என்று திகைத்தபோது, பள்ளி வாசலருகே வண்டியில் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரர் ஒரு கூடை நிறைய எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. “செடிக்கா? எரியாத கரியாக எடுத்துக்கொள்ளுங்கம்மா, சாம்பல் ஆகாது” என்றார். கரி தண்ணீரைத் தேக்காது, எளிதில் மக்காது, இடையிடையே காற்றுக்கு வழி விடும். தேங்காய் மட்டையை இளநீர்க் கடையிலிருந்து கொண்டு வந்தோம். அதை அப்படியே போடக் கூடாது. மட்டையில் இருக்கும் கறையும் உப்பும் வேரைச் சுடும். ஆகையால் ஒரு வாரம் ஊறவைத்து, நாள்தோறும் அந்தக் கறுத்த தண்ணீரை மாற்றினோம். அதுவரை செடி கரியிலும் செங்கல்லிலுமே இருந்தது.

மூன்று வேரோடு நிற்கும் செடியால் தண்ணீர் குடிக்க முடியாது. ஆதலால் சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைக்க வேண்டும். அகன்ற தட்டில் கூழாங்கல் பரப்பி, அதில் தண்ணீர் விட்டு, சட்டியின் அடி தண்ணீரில் படாதவாறு கற்களின் மேல் வைத்தோம். உரம் போடலாமா என்று கேட்டோம். “வயிறே இல்லாதவனுக்கு விருந்தா?” என்றார் சிஸ்டர்.

பிப்ரவரி முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஓர் இலை போயிற்று. வெள்ளிக்கிழமைதோறும் சட்டியைச் சிஸ்டரிடம் எடுத்துப் போவோம். அவர் தொட்டுவிட்டு, “மூன்று” என்பார். நாங்கள் நோட்டில் ‘மூன்று’ என்று எழுதுவோம். ஒரு வெள்ளியன்று “இரண்டரை” என்றார். பாதியாக இருந்த வேர் போய்விட்டது என்று நினைத்தோம். அதன் நுனி மட்டும் காய்ந்திருந்ததாம். இத்தனைக்கும் நாங்கள் பொய் சொல்லியிருந்தால் இந்த வெள்ளிக்கிழமைகள் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

நுனி ஏன் காய்ந்தது? எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பினால்தான். குடத்தின் விளிம்பில் வெள்ளையாய்ப் படியுமே, அதேபோல் கரித்துண்டுகளின் மேலும் வெள்ளைப் படலம் படிந்திருந்தது. வேரின் நுனிதான் மிகவும் இளமையானது. உப்பு முதலில் அதைத்தான் தாக்கும். பட்டாபிராமில் வசிப்பவர் இருவரும் மாறி மாறி வீட்டிலிருந்து வடிகட்டிய தண்ணீரைக் கொண்டு வந்தோம். மழைக்காலம் வந்த பிறகு மொட்டைமாடியில் அண்டா வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டோம். இந்தச் செடிக்கு மழைத் தண்ணீரைப்போல உகந்தது வேறில்லை.

மார்ச் மாதக் கடைசி வெள்ளியன்று சிஸ்டரின் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. “இது என்ன?” என்றார். குனிந்து பார்த்தோம். தண்டின் அடியில், இலையைப் பிளந்துகொண்டு, மிளகு அளவில் ஒரு பச்சை முனை. அதன் நுனி பளபளவென்று செம்பு நிறத்தில் இருந்தது. “அழுத்தாதீர்கள் சிஸ்டர், உடைந்துவிடும்!” என்று ஐவரும் கத்தினோம். கத்திய பிறகுதான் யாரிடம் கத்துகிறோம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

கோடை விடுமுறை பெரிய சோதனை. எங்கள் ஊர் மே மாத வெயில் 40 டிகிரியை எட்டக் கூடியது. இந்தச் செடிக்கு 30 டிகிரிக்கு மேல் போனாலே பிடிக்காது. உண்மையைச் சொன்னால், சென்னைப் பக்கத்து வெப்பத்துக்கு டென்ட்ரோபியம் என்னும் வகையே பொருத்தம். கல்யாண மேடையில் பார்க்கும் ஊதாப் பூ அதுதான். ஆனால் டென்ட்ரோபியத்திற்கு நிறைய வெளிச்சம் வேண்டும், வீட்டுக்குள் சோம்பிவிடும். ஃபலனாப்சிஸ் குறைந்த வெளிச்சத்தில் வீட்டுக்குள்ளேயே வாழும். எங்களுக்கு வாய்த்தது அது. அதைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். விடுமுறையில் செடி ஆவடிக்காரியின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. வெயில் நேராகப் படாத வடக்குச் சன்னல், மின்விசிறியின் மெல்லிய காற்று, காலையில் மட்டும் தண்ணீர். கரியும் செங்கல்லும் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அந்த மாதங்களில் அநேகமாகத் தினமும் ஊற்ற வேண்டியிருந்தது. முன்பு தினமும் ஊற்றிக் கொன்றோம். இப்போது தினமும் ஊற்றிப் பிழைக்க வைத்தோம். வேறுபாடு சட்டியிலும் கரியிலும் இருந்தது. மாலையில் ஊற்றுவதில்லை. இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் இரவெல்லாம் நின்றால் குருத்தே அழுகிவிடும். தவறி விழுந்தால் பருத்தித் துணியின் முனையால் ஒற்றி எடுப்போம்.

ஜூன் மாதம் செடி பள்ளிக்குத் திரும்பியபோது ஐந்து வேர்களும் ஒரு புது இலையும் இருந்தன. இம்முறை உண்மையான புது இலை! அதன்பிறகே உரம். பத்தொன்பது பத்தொன்பது பத்தொன்பது என்று கடையில் விற்கும் கரையும் உரத்தை, உறையில் போட்ட அளவில் நான்கில் ஒரு பங்காகக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உரமிட்ட பின் இடையே ஒருமுறை நிறைய வெறும் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை வாசிப்பும் மாறிவிட்டது. பத்திரிகையை விட்டுவிட்டு ஆர்க்கிட்டைப் பற்றியே சிஸ்டர் பேசுவார். சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோவாகிம் என்ற அர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் பிறந்த ஒரு கலப்பின வாண்டா 1893ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகமாயிற்று. 1981இல் அதுவே அந்நாட்டின் தேசிய மலராயிற்று. பனாமா நாட்டின் தேசிய மலரோ தூய ஆவி மலர். வெள்ளைப் பூவின் நடுவே சிறகு விரித்த புறா ஒன்று இருப்பதுபோல் தோன்றுமாம். நாம் சாப்பிடும் ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காய்தான். சொந்த நாடான மெக்சிகோவை விட்டு வேறு நாடுகளில் நட்டபோது அது எளிதில் காய்க்கவில்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒரு சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் அதே முறைதான். “படித்தவர்கள் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் தொட்டுப் பார்த்தான்” என்றார் சிஸ்டர். தொட்டுப் பார்ப்பவர்களை அவருக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னும் பூக்கவில்லை. பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்களாவது குளிர்ந்த இரவுகள் வேண்டும். மார்கழியையும் தையையும் நம்பியிருக்கிறோம். அதற்குள் எங்களுக்கு அரசுப் பொதுத்தேர்வு நெருங்கிவிடும். எங்களுக்குப்பின் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு சிறுமியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். முதல் நாள் வந்தவுடனே அவள் தன் பாட்டிலைத் திறந்து, “அக்கா, கொஞ்சம் தண்ணீர் ஊற்றட்டுமா?” என்று கேட்டாள். ஐவரும் ஒரே குரலில் “வேண்டாம்!” என்று அலறியதில் குழந்தை பயந்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி, பாட்டிலை மூடச் செய்து, வேரின் நிறத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தோம்.

சென்ற மாதம் ஒரு சிக்கல் வந்தது. சட்டியின் பக்கத் துளை ஒன்றின் வழியே வெளியே வந்த வேர், சும்மா தொங்காமல், பழைய மரச் சன்னலின் சட்டத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டது. நன்றாகவே ஒட்டிவிட்டது, இழுத்தால் தோல் கிழியும். இனிச் சட்டியைச் சிஸ்டரின் அறைக்கு எடுத்துப் போக முடியாது. வேரை வெட்டிவிடவா என்று கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, தம் கைத்தடியைக் கேட்டு வாங்கினார்.

இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்தாம் எங்கள் வகுப்புக்கு வருகிறார். இரண்டு பேர் இருபுறமும் கையைப் பிடித்துக்கொள்ள, இல்லத்து வாயிலிலிருந்து வராந்தா வழியாக நூற்றுப் பதினெட்டு அடி. நடுவில் ஒருமுறை தூணருகே நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். சன்னலருகே ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்போம். சென்ற வெள்ளி, சட்டத்தில் ஒட்டிய வேரின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், அதன் நுனியில் நிறுத்தி, “எட்டு” என்றார். நாங்கள் நோட்டில் எழுதிக்கொண்டோம்.